கறவை ஆடு: எதைத் தின்றால் பாலில் எது கூடும், எது குறையும்

ஆட்டின் தீவனத்தை மாற்றினால் பால் மாறும். ஆனால் பாலில் உள்ள எல்லாப் பொருளும் ஒரே அளவில் மாறுவதில்லை. தீவனத்துக்கு எளிதில் அசைந்து கொடுப்பது கொழுப்பு ஒன்றுதான். புரதம் கொஞ்சம் அசையும். பால் சர்க்கரையான லாக்டோஸும் சுண்ணாம்புச் சத்தும் அநேகமாக அசையவே அசையாது. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் புதிதாகக் கறவை ஆடு வைப்பவர்கள் "பால் கெட்டியாகும்" என்று விற்கப்படும் டானிக்குகளில் பணத்தைப் போட்டுவிட்டுப் பச்சைத் தழையில் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

ஆட்டுப்பாலில் 86 முதல் 88 சதவீதம் தண்ணீர். மீதியில் கொழுப்பு 3.5 முதல் 5 சதவீதம், புரதம் 3 முதல் 3.7, லாக்டோஸ் 4.3 முதல் 4.7, தாது உப்புகள் சுமார் 0.8. இனத்தைப் பொறுத்து இது மாறும். சானென் போல நிறையக் கறக்கும் சீமை இனங்களில் கொழுப்பு 3.5-ஐ ஒட்டியே நிற்கும். தலைச்சேரி, ஜமுனாபாரி ஆடுகளில் 4-ஐத் தாண்டுவது சாதாரணம். உங்கள் ஆட்டின் இனம் விதித்திருக்கும் எல்லைக்குள்தான் தீவனம் வேலை செய்யும். சானெனுக்கு எதைப் போட்டாலும் தலைச்சேரிப் பால் வராது.

உள்ளே நடப்பது இதுதான். ஆட்டின் நான்கு அறை வயிற்றில் முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைக்கின்றன. புல், தழை, கொடி ஆகியவற்றின் நார் புளித்தால் அசிட்டிக் அமிலம் அதிகம் வரும். மடி அதைக் கொண்டுதான் பால் கொழுப்பில் பெரும் பங்கைத் தயாரிக்கிறது. சோளம், மக்காச்சோளம், அரிசி போன்றவற்றின் மாவுச்சத்து புளித்தால் புரோப்பியானிக் அமிலம் கூடும். ஈரல் அதைக் குளுக்கோஸாக மாற்றும், மடி அந்தக் குளுக்கோஸை லாக்டோஸாக மாற்றும். லாக்டோஸ் எவ்வளவு உண்டாகிறதோ அதற்கேற்ற தண்ணீரை அது தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மாவுச்சத்து கூடும்போது பால் இனிப்பதில்லை, லிட்டர் கூடுகிறது. நார் கொழுப்பைத் தரும், மாவு லிட்டரைத் தரும் என்பதை மனதில் இருத்திக்கொண்டால் கீழே வரும் படிகள் அனைத்தும் தாமாகவே விளங்கும்.

படி 1: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

அளக்காமல் தீவனத்தை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒவ்வொரு ஆட்டின் பாலையும் காலை, மாலை தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். லிட்டர் குவளையில் நுரை ஏமாற்றும், தராசு ஏமாற்றாது.

கொழுப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கறக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்திருக்கும், கடைசியில் வருவதில் கொழுப்பு கூடியிருக்கும். எனவே முழுவதும் கறந்து, பாத்திரத்தில் மெதுவாகக் கலக்கி, அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். குட்டி ஊட்டும் ஆடுகளில் இது இன்னும் முக்கியம். நீங்கள் முதலில் கறந்துவிட்டு மிச்சத்தைக் குட்டிக்கு விட்டால், உங்கள் பாத்திரத்தில் மெலிந்த பாலும் குட்டி வயிற்றில் கொழுத்த பாலும் சேரும். குட்டி முதலில் குடித்தால் நிலைமை தலைகீழ். இரண்டு வாரத்தில் இரண்டு முறையும் கலந்து செய்துவிட்டு "தீவனம் வேலை செய்யவில்லை" என்று சொல்லிப் பயனில்லை. மாதிரி எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு குட்டிகளைத் தனியாக அடைத்துவிட்டு முழுக் கறவை எடுங்கள்.

காலைப் பாலும் மாலைப் பாலும் ஒன்றல்ல. காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கறந்தால் இரவு இடைவெளி 14 மணி நேரம். காலைப் பால் அளவில் அதிகமாகவும் கொழுப்பில் குறைவாகவும் இருக்கும். இரண்டு வேளைப் பாலையும் அவற்றின் எடை விகிதத்தில் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புவதே சரி.

பால் சங்கத்தில் உள்ள மின்னணுக் கருவி பெரும்பாலும் மாட்டுப்பாலுக்கு அளவு திருத்தப்பட்டிருக்கும். ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் மாட்டுப்பாலைவிடச் சிறியவை. அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதே கருவியில் வாராவாரம் பார்த்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒப்பிடுவதற்கு அது போதும். துல்லியமான எண் வேண்டுமென்றால் கெர்பர் முறைதான்: பியூட்டிரோமீட்டர் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கெர்பர் அமிலம், அதன் மேல் சுவரோடு ஒட்டி மெதுவாக 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடி குலுக்கி, நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் நான்கைந்து நிமிடம் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். கெர்பர் அமிலம் என்பது அடர் கந்தக அமிலம் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்லாதீர்கள். ஆடு தான் தின்ற கரோட்டினை முழுவதும் வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும். எவ்வளவு பச்சை போட்டாலும் ஆட்டுப்பாலும் வெண்ணெயும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

படி 2: ஈன்று எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள்

ஈன்ற முதல் நான்கைந்து நாள் சீம்பால். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு பால் அளவு ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம் தொடும். உச்சத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் கொழுப்பு, புரதம் இரண்டும் இயல்பாகவே குறைவாக இருக்கும். அளவு குறையக் குறைய இரண்டும் ஏறும். மூன்றாம் மாதத்தில் கொழுப்பு 3.4-க்கு இறங்கினால் தீவனத்தைக் குறை சொல்லும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். கோடையிலும் இதே சரிவு வரும், ஆடு தின்பது குறைவதால். ஏழாம் மாதத்தில் டானிக் கொடுத்துப் பால் "கெட்டியானது" என்றால் டானிக் இல்லாமலும் அது கெட்டியாகியிருக்கும்.

படி 3: இப்போது என்ன தின்கிறது என்று எடை போடுங்கள்

"ரெண்டு கட்டுத் தழை, ஒரு படி தவிடு" என்பது கணக்கல்ல. தொங்கு தராசு ஒன்று வாங்கி, வைக்கும் தீவனத்தையும் மறுநாள் காலை மிச்சத்தையும் மூன்று நாள் எடை போடுங்கள். ஆடு பொறுக்கித் தின்னும் பிராணி. இலையைத் தின்று தண்டை விட்டுவிடும். நீங்கள் வைத்ததும் அது தின்றதும் வேறு வேறு.

கறவை ஆடு ஒரு நாளில் தன் உடல் எடையில் 4 முதல் 5 சதவீதம் உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்பது தீவனத்தில் ஈரத்தைக் கழித்த பிறகு நிற்பது. கோ-4 கம்பு நேப்பியர் புல்லில் அது சுமார் 20 சதவீதம், வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா தழைகளில் 25 சதவீதத்தை ஒட்டி, கடலைக்கொடி, சோளத்தட்டை, அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) ஆகியவற்றில் 90 சதவீதம். 40 கிலோ எடையுள்ள, நாளுக்கு ஒன்றரை லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு 1.8 கிலோ உலர்பொருள் வேண்டும். அதை இப்படிக் கொடுக்கலாம்:

கோ-4 புல் 2.5 கிலோ
வேலிமசால் அல்லது அகத்தித் தழை 1.5 கிலோ
கடலைக்கொடி 400 கிராம்
அடர்தீவனம் 600 கிராம்

கூட்டிப் பார்த்தால் உலர்பொருள் ஏறக்குறைய 1.8 கிலோ, அதில் அடர்தீவனத்தின் பங்கு 30 சதவீதம், மொத்தப் புரதம் 14 சதவீதம். இது ஆட்டின் வயிற்றுக்குள் போக வேண்டிய அளவு. பொறுக்கிவிட்டுப் போவதற்காகப் பசுந்தீவனத்தை 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டும். மிச்சமே இல்லாமல் தொட்டி துடைத்திருந்தால் ஆடு தண்டையும் தின்றிருக்கிறது, பசி தீரவில்லை என்று பொருள்.

தொட்டியில் மிதக்க வளர்க்கும் நீர்ப்பெரணியான அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை. அசோலாவில் ஈரம் 94 சதவீதம். அரைக் கிலோ அசோலாவில் உலர்பொருள் 30 கிராம், அதில் புரதம் ஏழு கிராம்தான். 17 கிராம் கடலைப் புண்ணாக்கில் அது கிடைத்துவிடும். தொட்டி கட்டி, தினமும் கழுவி, சாணம் கரைத்து ஊற்றும் வேலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

படி 4: நாரைச் சரி செய்யுங்கள்

கொழுப்பு குறைவது பற்றிய புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நார் இருந்தால் மட்டும் போதாது, அந்த நார் நீளமாகவும் இருக்க வேண்டும். நீளமான நாரைத் தின்றால்தான் ஆடு நன்றாக அசை போடும். அசை போட்டால்தான் எச்சில் ஊறும். எச்சிலில் உள்ள சோடா உப்பு பெருவயிற்றின் புளிப்பை அடக்கும். புளிப்பு ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கும், அசிட்டிக் அமிலம் குறையும், பாலில் கொழுப்பு விழும்.

புல் வெட்டும் இயந்திரம் வாங்கியவுடன் பலர் செய்வது, எல்லாவற்றையும் மாவு போல நறுக்கிப் போடுவது. மிச்சம் வராது என்பது உண்மைதான். ஆனால் நறுக்கு ஒரு அங்குலத்துக்குக் கீழே போனால் அந்த நார் அசைக்கு உதவாமல் வேகமாக வயிற்றைக் கடந்துவிடும். கத்தியை ஒன்று முதல் இரண்டு அங்குலத்துக்கு மாற்றி வையுங்கள். தழைகளை நறுக்கவே வேண்டாம். கட்டாகக் கட்டி ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிட்டால் போதும். தரையில் போட்டதை ஆடு மிதித்தபின் தொடாது.

முற்றிய நேப்பியரும் நார்தான், ஆனால் அதன் தண்டு மரத்துப்போய்ச் செரிக்காமல் வயிற்றை அடைத்துக்கொள்ளும். ஆடு குறைவாகத் தின்னும், பால் அளவும் புரதமும் சேர்ந்து இறங்கும். முதல் அறுவடையை நட்ட 75 முதல் 80 நாளிலும், அடுத்தடுத்த அறுவடைகளை 45 நாளுக்கு ஒருமுறையும் செய்யுங்கள். தீவனச் சோளம் நேரெதிர். இளம்பயிரிலும் வாடிக் குறுகிய பயிரிலும் நச்சு உண்டு. பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள். மரவள்ளி இலையை ஒரு நாள் வெயிலில் வாட்டாமல் போடாதீர்கள். சவுண்டல் என்கிற சூபாபுல் தழை புரதத்துக்கு நல்லது. ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

நார் போதுமா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. தீவனம் தின்று இரண்டு மணி நேரம் கழித்துக் கொட்டிலுக்குப் போங்கள். படுத்திருக்கும் ஆடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். புழுக்கை தனித்தனி உருண்டையாக விழ வேண்டும். ஒட்டிக் கட்டியாகவோ இளகியோ புளித்த நாற்றத்தோடோ விழுந்தால் மாவுச்சத்து கூடிவிட்டது.

படி 5: அடர்தீவனத்தை அளந்து, பிரித்துக் கொடுங்கள்

உடலைப் பராமரிக்க 200 கிராம் அடர்தீவனமும், கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 300 முதல் 400 கிராமும் என்பது அனுபவக் கணக்கு. பசுந்தீவனத்தில் பயறுவகைத் தழை நன்றாக இருந்தால் கீழ் எல்லையோ அதற்குச் சற்றுக் குறைவோ போதும். வீட்டில் கலக்க, 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 15, தேங்காய்ப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 22, துவரைப் பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. இதில் புரதம் சுமார் 16 சதவீதம். மக்காச்சோளத்தை மாவாக அரைக்காதீர்கள், இரண்டு மூன்று துண்டாக உடைத்தால் போதும். மாவு வேகமாகப் புளிக்கும்.

ஒரு வேளைக்கு 300 கிராமைத் தாண்ட வேண்டாம். 900 கிராம் கொடுக்க வேண்டிய ஆட்டுக்கு மூன்று வேளையாகப் பிரியுங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் கொடியோ புல்லோ போட்டு, அரை மணி கழித்து அடர்தீவனம். கறவையின்போது வெறும் வயிற்றில் அடர்தீவனத்தைக் கொட்டிவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுவது பரவலான பழக்கம். ஆடு அசையாமல் நின்று கொடுக்கும் என்பது தவிர அதில் லாபமில்லை.

உலர்பொருளில் பாதிக்கு மேல் அடர்தீவனமாகிவிட்டால் கொழுப்பு இறங்கத் தொடங்கும். பாலில் கொழுப்பு சதவீதம் புரத சதவீதத்தைவிடக் கீழே போவதுதான் தெளிவான அடையாளம். உதாரணமாகக் கொழுப்பு 2.9, புரதம் 3.2. அதிகமாகக் கறக்கும் ஆடுகளை வைத்திருக்கும் பிரான்ஸ் நாட்டுப் பண்ணைகளிலும் இது பழகிய தொல்லை. அடர்தீவனத்தைக் குறைத்துக் கொடியைக் கூட்டினால் பத்துப் பதினைந்து நாளில் கொழுப்பு திரும்பும். லிட்டர் சற்றுக் குறையலாம். எதற்கு விலை கிடைக்கிறது என்று பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீடுகளுக்கு லிட்டர் கணக்கில் ஊற்றுபவருக்கும், வெண்ணெயோ பாலாடைக்கட்டியோ செய்பவருக்கும் ஒரே தீவனம் பொருந்தாது.

அடர்தீவனம் அதிகமாகக் கொடுத்தே ஆக வேண்டிய ஆடுகளுக்குக் கலவையில் 100 கிலோவுக்கு 1 கிலோ சமையல் சோடா சேர்க்கலாம். அது இடைக்காலத் தாங்கல்தான், நார்க்குறையை அது நிரப்பாது.

சோறு, கஞ்சி, பழைய இட்லி மாவு, சேலம்-நாமக்கல் பக்கத்தில் கிடைக்கும் மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்தபின் நிற்கும் சக்கை) ஆகிய எல்லாம் மாவுச்சத்து. திப்பியில் புரதம் மிகக் குறைவு. மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடை கூடையாகப் போட்டால் கொழுப்பும் புரதமும் சேர்ந்து விழும். பண்டிகைச் சோற்றைப் பழக்கமில்லாத ஆட்டுக்கு ஒரு வேளை கொட்டினாலே வயிறு புளித்துச் சாகலாம். ஆடு தீவனத்தை விட்டு, மந்தமாக நின்று, புளித்த கழிச்சல் போட்டால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

படி 6: புரதத்தைப் பற்றிய ஆசையைக் குறையுங்கள்

புண்ணாக்கை இரட்டிப்பாக்கினால் பாலில் புரதம் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடப்பதில்லை. மொத்தத் தீவனத்தில் புரதம் 11, 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதை 14 முதல் 16-க்கு உயர்த்தும்போது பாலின் அளவு தெளிவாகக் கூடும், புரத சதவீதமும் ஓரளவு கூடும். அதற்கு மேல் கொட்டும் புண்ணாக்கு பெருவயிற்றில் அமோனியாவாகி, ஈரலில் யூரியாவாகி, சிறுநீரில் போகும். கொஞ்சம் யூரியா பாலிலும் வரும், ஆனால் தயிர் உறைய அந்த யூரியா உதவாது.

பால் புரதம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் குறைவது சக்தி, அதாவது மாவுச்சத்தும் நன்றாகச் செரிக்கும் இளம்புல்லும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் பெருகச் சக்தி வேண்டும். அந்த நுண்ணுயிர்களின் உடலே ஆட்டுக்குக் கிடைக்கும் சிறந்த புரதம். தீவனத்தைச் சரி செய்தால் 0.1 முதல் 0.3 வரை ஏற்றம் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கிடாவைத்தான் மாற்ற வேண்டும். ஆட்டுப்பால் தயிர் மாட்டுத் தயிர் போலக் கெட்டியாக உறையாததும் பெரும்பாலும் அதில் உள்ள கேசீன் என்ற பால் புரதத்தின் வகையால்தான். அது பரம்பரை, புண்ணாக்குக்கு அங்கே வேலையில்லை.

கருவேலம், வேலம் தழைகளிலும் காய்களிலும் துவர்ப்புச் சத்து உண்டு. அளவாக இருந்தால் அது தீவனப் புரதத்தைப் பெருவயிற்றில் வீணாகாமல் காக்கும். அந்தத் தழையையே முழுநேரத் தீவனமாக்கினால் புரதத்தைக் கட்டிப்போட்டு ஆட்டுக்குக் கிடைக்காமல் செய்துவிடும்.

படி 7: எண்ணெய்ச் சத்தை எச்சரிக்கையோடு சேருங்கள்

இங்கே ஆடு மாட்டிலிருந்து மாறுபடுகிறது. மாட்டுக்குத் தாவர எண்ணெய் சேர்த்தால் பால் கொழுப்பு பல நேரம் குறையும். ஆட்டில் அளவான எண்ணெய்ச் சத்து அநேகமாக எப்போதும் கொழுப்பை ஏற்றும். எனவே நார் சரியாக இருந்தும் கொழுப்பு போதவில்லை என்றால் இது நல்ல வழி.

முழுப் பருத்திக்கொட்டை ஆட்டுக்கு நாளுக்கு 100 முதல் 150 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், கூடவே நாரும் புரதமும். மாட்டுக்குச் செய்வது போல ஊற வைத்து ஆட்டிக் கொடுக்காதீர்கள். முழுக் கொட்டையாக இருந்தால் ஆடு அசை போடும்போது மென்று எண்ணெயை மெதுவாக விடும். ஆட்டிய கொட்டையில் எண்ணெய் ஒரேயடியாகப் பெருவயிற்றில் கலந்து நாரை மூடிக்கொள்ளும். பருத்திக்கொட்டையில் கோசிபால் என்ற நச்சு இருப்பதால் குட்டிகளுக்கும் பொலிகிடாக்களுக்கும் வேண்டாம். கடையில் கிடைக்கும் பைபாஸ் கொழுப்பு (பெருவயிற்றில் கரையாமல் கடந்து போகும் கொழுப்பு) என்றால் 20 முதல் 30 கிராம். அதன் வாசனை பிடிக்காமல் முதல் வாரம் ஒதுக்கும், எனவே ஐந்து கிராமில் தொடங்குங்கள்.

மொத்தத் தீவனத்தில் எண்ணெய்ச் சத்து 5, 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1.8 கிலோ தின்னும் ஆட்டுக்கு அது 100 கிராமை ஒட்டி. புல்லிலும் புண்ணாக்கிலும் உள்ளதே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் 12 முதல் 15 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. பருத்திக்கொட்டையும் அந்தத் தவிடும் சேர்த்துப் போடும்போது கவனம். தவிடு சீக்கிரம் காறும். காறிய தவிட்டை ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

தண்ணீரும் உப்பும்

ஒன்றரை லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு 6 முதல் 8 லிட்டர் தண்ணீர், கோடையில் 10. பசுந்தீவனம் நிறைய என்றால் குறைவாகக் குடிக்கும். புழுக்கை விழுந்த தண்ணீரை ஆடு தொடாது, அன்று பால் அளவு விழும், கொழுப்பு சதவீதம் ஏறியது போலத் தெரியும். ஏமாற வேண்டாம்.

தாது உப்புக் கலவையால் பாலில் சுண்ணாம்பு கூடாது. தீவனத்தில் குறைந்தாலும் ஆடு தன் எலும்பைக் கரைத்துப் பாலில் போடும். அதனால்தான் கொடுக்க வேண்டும், எலும்பைக் காப்பாற்ற. ஆனால் அயோடின் தீவனத்தில் எவ்வளவோ அதற்கேற்பப் பாலில் மாறும். ஃபோலிக் அமிலம் ஆட்டுப்பாலில் இயல்பாகவே மிகக் குறைவு. அகத்தி போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. கைக்குழந்தையை ஆட்டுப்பாலை மட்டும் நம்பி வளர்க்கக் கூடாது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாடை, கசப்பு, பூஞ்சணம்

வெங்காயத் தாள், பூண்டுத் தோல், முட்டைக்கோஸ் இலை, சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) ஆகியவற்றின் வாடை அரை மணி நேரத்திலேயே பாலுக்கு வந்துவிடும். ஐந்தாறு மணி நேரத்தில் பெருமளவு போய்விடும். ஆகவே இவற்றைக் கறந்த பிறகு கொடுங்கள், கறவைக்கு முந்தைய ஐந்து மணி நேரம் கண்ணில் காட்டாதீர்கள். வேப்பந்தழை கசப்பு தரும், கறவை ஆட்டுக்கு மருந்தளவுக்கு மேல் வேண்டாம். "ஆட்டு மொச்சை" என்று சொல்லப்படும் வாடைக்குத் தீவனத்தைவிடக் கிடாவின் அருகாமை, கறந்த பாலைக் குளிர வைக்காமல் அலைக்கழிப்பது ஆகியவையே பெரும்பாலும் காரணம். கிடாவைத் தனிக் கொட்டிலில் கட்டுங்கள். கறந்த உடன் வடிகட்டிக் குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் வாடையைவிட ஆபத்து. அவற்றில் உள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஆட்டின் உடலில் எம்1 என்ற வடிவமாகி ஒரு நாளுக்குள் பாலில் வரும். காய்ச்சினாலும் அழியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாலுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் பெரும்பாலும் தெளியும். புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் 15 நாளுக்கு மேல் தேவைப்படும் அளவுக்கு வாங்காதீர்கள். வெயிலில் காய வைத்தால் பூஞ்சணம் உதிரும், நஞ்சு அப்படியே இருக்கும். பூஞ்சணம் பிடித்த சைலேஜ் ஆட்டுக்கு மூளையைப் பாதிக்கும் லிஸ்டீரியா நோயையும் தரும்.

படி 8: மாற்றுவதும், பலனைப் படிப்பதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதிய தீவனத்தை நான்கில் ஒரு பங்கில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூட்டி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். பால் அளவில் மாற்றம் இரண்டு மூன்று நாளில் தெரியும். கொழுப்பில் ஒரு வாரம் பத்து நாள், புரதத்தில் மூன்று வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு அடுத்ததை மாற்றினால் முதல் மாற்றத்தின் பலனை இரண்டாவதன் கணக்கில் எழுதுவீர்கள்.

கொழுப்பு மட்டும் விழுந்து அளவு நன்றாக இருந்தால் நாரைப் பாருங்கள். புரதம் மட்டும் குறைந்தால் சக்தி. இரண்டும் குறைந்து அளவு உச்சத்தில் இருந்தால் இயல்பு, விட்டுவிடுங்கள். இரண்டும் குறைந்து அளவும் குறைந்தால் ஆடு போதிய அளவு தின்னவில்லை. குடற்புழு, வெயில், முற்றிய புல், தொட்டியில் இடநெருக்கடி என்று வரிசையாகத் தேடுங்கள். பால் உப்புக் கரித்தால் தீவனத்தைத் தொடாமல் மடியைப் பாருங்கள். மடிநோயில் லாக்டோஸ் குறைந்து உப்பு ஏறும்.

பலரும் தவறாகப் படிக்கும் எண் ஒன்று உண்டு. ஈன்ற முதல் மாதத்தில் கொழுப்பு திடீரென்று 5.5, 6 என்று ஏறி, ஆடு மெலிந்து, அடர்தீவனத்தை ஒதுக்கினால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தியல்ல. தின்பது போதாமல் தன் உடல் கொழுப்பைக் கரைத்து மடியில் கொட்டுகிறது. கொழுப்பு, புரதத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் இப்படி உடல் கொழுப்பு கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோய் என்று சந்தேகப்படுங்கள். மூச்சில் நகப்பூச்சு நீக்கி போன்ற வாடை வரலாம். மருத்துவரைப் பார்ப்பதில் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த நிலை வராமல் இருக்க, வேலை சினையிலேயே தொடங்க வேண்டும். ஆட்டின் சினைக்காலம் 150 நாள். கடைசி 50, 60 நாள் கறப்பதை நிறுத்துங்கள். கடைசி ஆறு வாரத்தில் வயிற்றில் குட்டி இடத்தை அடைப்பதால் ஆடு அதிகம் தின்ன முடியாது. நல்ல தழையோடு அடர்தீவனத்தை 150 கிராமில் தொடங்கி வாரம் 50 கிராமாகக் கூட்டி, ஈனும்போது 400 கிராமில் நிற்கும்படி பாருங்கள். கறவைக்குக் கொடுக்கப்போகும் அதே கலவையாக இருக்கட்டும், பெருவயிறு அதற்குள் பழகியிருக்கும். இந்த மாதங்களில் ஆட்டைக் கொழுக்க வைப்பதும் மெலிய விடுவதும் இரண்டும் கெடுதல். முதுகெலும்பைக் கையால் தடவிப் பாருங்கள்: எலும்பு முனைகள் தட்டுப்பட வேண்டும், ஆனால் குத்தக் கூடாது.